கோழிப்பண்ணைக்காரரின் காது

பொறாமை எனக்குப் புதிதில்லை. பக்கத்துத் தறிக்காரன் புது பைக் எடுத்தால், அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "சீட்டு கொஞ்சம் சாய்வா இருக்குதேடா, முதுகு போயிருமே" என்று சொல்லி அவன் சந்தோஷத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத்தான் இறங்குவேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முடி அடர்த்தியாக இருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் ஒரு மனிதனின் காதைப் பார்த்து வயிறு எரிந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் மடலில் முடி முளைத்த, ஐம்பதைத் தாண்டிய, பெரிய காது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு ஊர் குமாரபாளையம். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு விசைத்தறிக்கு வந்தவன் நான். அவள் என் அத்தை மகள். பன்னிரண்டாவது வரை படித்தவள், எதிர்ப் பட்டறையில் நூல் சுற்றுகிறாள். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. நான் வாயைத் திறந்தால் யாரையாவது வம்புக்கு இழுக்காமல் மூட மாட்டேன். அவளோ எதிரில் நின்று பதில் சொல்ல மாட்டாள். "சரிங்க மாமா" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டு, திரும்பி நின்று அடுப்பிடம் முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்பில்தான் விஷயமே இருக்கும்.

ஒரு நாள் தட்டில் ரசத்தை ஊற்றியதும், "இதென்ன புள்ள, ரசமா, பாவு நூலு வெறப்பா நிக்கப் போடற கஞ்சியா?" என்று கேட்டேன்.

"சரிங்க மாமா, நாளைக்கு நல்லா வெக்கறேன்" என்றாள். பிறகு திரும்பினாள். "கஞ்சியா இருந்தா குடிச்சவங்க கொஞ்சம் நிமுந்தாச்சும் நின்னிருப்பாங்க" என்று அடுப்புக்குச் சொன்னாள்.

நான் கூன் போட்டு நடப்பவன். சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டேன். எனக்குக் கேட்டது என்று அவளுக்குத் தெரியும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு விரையில் ஒரு கட்டி வந்தது. ஆண்பிள்ளைகள் வெளியே சொல்லக் கூசுகிற இடம். சொல்லாமல் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தேன், முடியவில்லை. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, புற்று என்று சொல்லி, அந்த ஒன்றை எடுத்துவிட்டார்கள். "ஸ்டெப்னி இருக்குதுங்களே, வண்டி ஓடும்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

குணமாகக்கூடிய வகைதான், ஆனால் கீமோ போட்டாக வேண்டும் என்றார் டாக்டர். அந்த மருந்தில் பிளாட்டினம் இருக்கிறதாம். சில பேருக்கு அது காதைக் கெடுக்கும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் காதைச் சோதித்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். எனக்குப் பிளாட்டினம் என்ற ஒரு சொல்தான் மனசில் நின்றது. முதல் நாள் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அவளிடம், "உனக்கு நல்லதா ஒரு சங்கிலி போட வக்கில்ல. என்னப் பாரு, ஒடம்பு பூரா பிளாட்டினம்" என்றேன்.

"சரிங்க மாமா" என்றாள். திரும்பி, பாட்டில் தொங்கிய கம்பியைப் பார்த்து, "பொறவு உருக்கி எடுத்துக்கலாம்" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்த ஒருவர் குபுக்கென்று சிரித்தார். அவர்தான் கோழிப்பண்ணைக்காரர். சேந்தமங்கலம் பக்கம் பண்ணை வைத்திருந்தார். நல்ல உடம்பு. தொண்டையில் புற்று. எனக்கு ஏறிய அதே மருந்துதான் அவருக்கும், கூடவே கழுத்துக்குக் கரன்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். சுற்றுக்குச் சுற்று எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளே வாய்த்தன.

"ஏனுங்ணா, பண்ணையில கோழிக்கெல்லாம் ஊசி நீங்களே போடுவீங்ளா?" என்று கேட்டேன்.

"ஆமா சாமி. ஏன் கேக்கற?"

"இல்லீங், இப்ப அதுக வந்து உங்களப் பாத்தா நெம்ப சந்தோசப்படும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "கோழி ஊசி போட்டா கம்முனு கெடக்கும் சாமி. உன்னாட்டம் பேசிட்டே இருக்காது" என்றார்.

காதைச் சோதிக்கிற இடம் ஒரு சின்ன அறை. சத்தம் நுழையாத சுவர், முன்னால் ஒரு கண்ணாடி. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு பெண் சத்தத்தை அனுப்புவார். என் வயசுதான் இருக்கும். நான் அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"தறிச் சத்தத்துல வேல பாத்தும் காது நல்லாத்தான் இருக்குங்க" என்றார். "காதுக்குள்ள கீன்னு இரைச்சல் இருக்குங்களா?"

"அது எப்பவும் இருக்கறதுதானுங்க" என்றேன்.

உண்மைதான். பட்டறையை விட்டு வெளியே வந்தால் காதுக்குள் ஒரு சில்வண்டும் கூடவே வீட்டுக்கு வரும். எங்கள் தெருவில் எல்லோரிடமும் ஆளுக்கொன்று உண்டு. பல் விளக்குகிற மாதிரி, அதுவும் தினப்படி இருக்கிற ஒன்று. அதை ஒரு சீக்கு என்று யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது. இது என்ன புதுசாகச் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சுற்றுக்குப் போனபோது கோழிப்பண்ணைக்காரருக்குக் கரன்ட் வைத்ததில் வாயெல்லாம் புண். கரன்ட் வைப்பதற்காகப் பல்லையும் முன்னமே எடுத்துவிட்டிருந்தார்கள். வாயில் துண்டை வைத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் தலையை ஆட்டினார். நான் மறுபடி சிரித்தேன்.

அவர் துண்டை எடுத்தார். "ஏன் சாமி, நானும் கேட்டுட்டே இருக்கறேன், பதிலக் காணம். ரோசமா?"

"துண்ட வாயில வெச்சுட்டுப் பேசினா எப்படிங்ணா கேக்கும்?"

"துண்டு என்ற வாயிலதான இருக்குது? உன்ற காதுலயா இருக்குது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் கன்னம் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சில்வண்டு மட்டும் கத்தியது. அவள் கையை எடுக்காமல் இன்னொரு தடவை எதையோ சொன்னாள். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

பட்டறையில் தறிகள் ஓடும்போது யார் குரலும் யாருக்கும் கேட்காது. முதலாளி திட்டுவதும், டீ வந்துவிட்டது என்பதும், இன்றைக்கு என்ன குழம்பு என்பதும் எல்லாமே உதட்டில்தான். வருஷக்கணக்கில் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டால், வெளியே வந்த பிறகும் கண் தானாக வாய்க்குத்தான் போகும். நாங்கள் அதைக் கேட்பது என்றே நினைத்துக்கொள்வோம். அதனால் என் காது எப்போது போகத் தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. கூடப் பேசியவர்களுக்கும் தெரியவில்லை, அவர்களும் தறிக்காரர்கள். அந்தக் கண்ணாடி அறைக்குள்ளும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். அந்தப் பெண் ஒவ்வொரு தடவை சத்தத்தை அனுப்பும்போதும் கீழுதட்டை லேசாக உள்ளே இழுத்துக்கொள்வார். என் கட்டைவிரல் அதைப் பார்த்து அமுக்கியிருக்கிறது.

என் வீட்டுக்காரி நேராக அந்தப் பெண்ணிடம் போனாள். "அக்கா, இவரச் சுவத்தப் பாத்து உக்கார வெச்சு எடுங்க" என்றாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். வெள்ளைச் சுவர். சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். சோதனையே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது என்றார்.

கனத்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிய கூரான சத்தங்கள் போய்விட்டன என்று அந்தப் பெண் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். பெண்கள் குரல், குழந்தைகள் குரல், முக்கியமாக மெதுவாகப் பேசுவது தேயும். போனது திரும்பாது. மீதி இருக்கிற சுற்றுகளில் இன்னும் கொஞ்சம் போகலாம்.

எனக்குப் பறவைச் சத்தம் போனதோ, போன் மணி போனதோ தோன்றவில்லை. அடுப்பைப் பார்த்து நிற்கிற ஒரு முதுகுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அதே நாளில் எனக்கு அடுத்து அந்த அறைக்குள் போனார் கோழிப்பண்ணைக்காரர். அவர் காதெல்லாம் மோசமாகியிருக்கும், துணைக்கு ஒரு ஆள் கிடைக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"எப்படிங்ணா?"

"மொத நாளு இருந்த மாதிரியே இருக்குதாமா."

"சுவத்தப் பாத்து உக்காந்தீங்ளா?"

"எப்பவும் கண்ண மூடிட்டுத்தான சாமி உக்காருவேன்."

அதே மருந்து, அதே பாட்டில், என்னைவிட இரண்டு மடங்கு வயசு, போதாததற்குக் கழுத்தில் கரன்ட் வேறு. என் வீட்டுக்காரிதான் டாக்டரிடம் காரணம் கேட்டாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "அவர் இதயத்துல ஸ்டென்ட் வெச்சவர். ரொம்ப நாளா கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டுட்டு வர்றார். ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, இந்தக் கீமோல காது கொஞ்சம் கம்மியா பாதிக்கிற மாதிரி வெளிநாட்டுல பாத்திருக்காங்க. இன்னும் முழுசா உறுதியாகல, சோதிச்சுட்டுதான் இருக்காங்க. அவர் காதைக் காப்பாத்துனது மாத்திரையா, ஒடம்பு வாகா, அதிர்ஷ்டமான்னு என்னாலயே சொல்ல முடியாது."

டாக்டர் சொன்ன சந்தேகங்களெல்லாம் எனக்கு வேண்டாதவை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் விளங்கியது. அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் கறியும் குடலும் தின்று, நெஞ்சை அடைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மாத்திரையையும் வாங்கி, அந்த மாத்திரையால் காதையும் காப்பாற்றிக்கொண்டார். நான் ஒல்லியாக, ஒழுங்காக, சோறும் ரசமும் தின்று வாழ்ந்ததற்கு இது. அவர் வெள்ளைச் சட்டைப் பையில் அந்த மாத்திரை அட்டை மினுங்குவது வெளியிலேயே தெரியும். மருந்து ஏறுகிற நேரம் முழுக்க நான் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்ணா, அந்த அட்டையில ரெண்ட இந்தப் பக்கம் தள்ளுங்க."

"இது நெஞ்சுக்குச் சாமி. உன்ற நெஞ்சுதான் கல்லாட்டம் இருக்குதே."

"மாத்திரை உங்களுக்கு ஒரு வேளை தள்ளிப்போனா என்னுங் ஆகும்?"

"எனக்கு என்ன ஆகும்னு தெரியாது. உனக்கு என்ன ஆகும்னும் தெரியாது. டாக்டரக் கேளு." பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். தொட்டில் பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி அந்தக் கை அங்கேயே இருந்தது.

வேறு வழி ஒன்று தோன்றியது. எனக்கும் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டால் எனக்கும் எழுதிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? நர்ஸ்களுக்கும் எங்களுக்கும் அவர் தன் பண்ணையிலிருந்து முட்டை கொண்டுவந்து கொடுப்பார். அவர் முட்டையை வைத்தே அவரை ஜெயிப்பது என்று முடிவு செய்தேன். கீமோவில் குமட்டிக்கொண்டு வந்தாலும், வெள்ளையை அவளுக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளை எல்லாம் நான் விழுங்கினேன். அவள் என்னையே பார்த்தாள். எதற்கு என்று கேட்காமல் அடுத்த முட்டையை உரித்து வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த சுற்றுக்கு, அதாவது கடைசிச் சுற்றுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். கொழுப்பு துளிகூட ஏறவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் கோழிப்பண்ணைக்காரரே எழுந்து டாக்டரிடம் போனார். "பேச்சுல அத்தன கொழுப்பு இருக்குது, ரத்தத்துல ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்ன வயசுங்க. அந்த மாத்திரைய இந்தப் பையனுக்கும் குடுத்துப் பாக்கக் கூடாதுங்களா?" என்றார். இதை அவர் உதட்டில் படித்தேன். எனக்காக அவர் கேட்டது அவர் மேல் இருந்த கோபத்தை இரண்டு மடங்காக்கியது. நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட அந்த மனிதர் விட மாட்டார் போலிருந்தது.

டாக்டர் முடியாது என்றார். "இந்தத் தடவை உங்க கல்லீரல் அளவு ஏறியிருக்கு. இந்த நேரத்துல காதுக்காகப் புதுசா அதைத் தொடங்க மாட்டேன். நீங்களா கடையில வாங்கியும் சாப்பிட்டுராதீங்க."

"அப்ப அந்தப் பிளாட்டினத்தையாச்சும் கொஞ்சம் கொறைங்க."

"உங்களக் காப்பாத்தறது அதுதான். காதா உசுரான்னு கேட்டா நான் உசுரத்தான் பாப்பேன்."

கடைசிச் சுற்றும் ஏறியது. கட்டியின் சுவடே இல்லை என்று பிறகு சொன்னார்கள். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம், அதற்கு எழுதிப் போட்டிருக்கிறோம், வர நாளாகும் என்றார்கள். அவள் அழுதாள். நானும் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்றே தெரிந்துவிட்டது. குழம்பில் ஏதோ குறை சொன்னேன். "சரிங்க மாமா" என்றாள், திரும்பினாள். தோள் அசைந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. சும்மா இருந்தால் அவள் மனசு கஷ்டப்படுமே என்று சிரித்து வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "நான் ஒண்ணுமே சொல்லலீங்களே மாமா. இட்டிலிச் சட்டியத்தான் தேச்சேன். எதுக்குச் சிரிச்சீங்?"

பிறகு கொஞ்ச நாள் அவளே என் முகத்தைப் பார்த்து முணுமுணுத்துப் பார்த்தாள். அதுவும் சரிப்படவில்லை. முதுகைக் காட்டிச் சொன்னால் கிண்டலாக இருப்பது, முகத்தைப் பார்த்துச் சொன்னால் சண்டையாகிவிடுகிறது. அதே வார்த்தைகள்தான். இரண்டு தடவை உண்மையாகவே சண்டை போட்டுக்கொண்டோம். அதன் பிறகு "சரிங்க மாமா" மட்டும் மிச்சம் இருந்தது. குமாரபாளையத்திலேயே ரொம்ப அடக்கமான பெண்டாட்டி எனக்குத்தான் இருந்தாள். நான் யாரிடம் போய் அழுவது?

ஒரு நாள் காலையில் கோழிப்பண்ணைக்காரர் வந்து நின்றார். பவானிக்குப் போகிற முட்டை வண்டியில் ஏறி வந்தாராம். பாதியாக இளைத்திருந்தார், ஆனால் நடை நன்றாக இருந்தது. பல் இல்லாதவருக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தாள். வாய் சும்மா இருக்குமா? "என்ன புள்ள சந்தகை இது? கெட்டுப் போன தறியில ஓட்டுன நூலாட்டம் அங்கங்க அறுந்து கெடக்குது" என்றேன்.

"சரிங்க மாமா" என்று திரும்பினாள்.

கோழிப்பண்ணைக்காரர் சிரித்த சிரிப்பில் தேங்காய்ப்பால் புரையேறிவிட்டது. இருமி, கண்ணீர் வழிய, தலையைத் தட்டிக்கொண்டு மறுபடி சிரித்தார். என் வீட்டுக்காரியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்படிக் குலுங்கி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் தட்டில் கை வைத்து யாரோ அள்ளித் தின்கிற மாதிரி இருந்தது.

"என்னுங்ணா சொன்னா?"

"அட உடு சாமி, அது உங்க ஊட்டுப் பேச்சு."

எங்கள் வீட்டுப் பேச்சு. அது அவருக்குத்தான் கேட்கிறது.

வண்டி வரைக்கும் அவருடன் போனேன். "சொல்லாம வண்டியில ஏற உட மாட்டேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"காது கேக்கறது என்ன பெரிய சொகமா?" என்றார். "பண்ணைய எப்படிப் பிரிக்கறதுன்னு பசங்க ரெண்டு பேரும் அடுத்த ரூம்புல குசுகுசுன்னு பேசறது மொத்தமும் கேக்குது. நான் இன்னும் உசுரோடதான் இருக்கறேன்."

"வேண்டாட்டி அந்தக் காத எனக்குக் குடுத்துட்டுப் போங்ணா" என்றேன்.

அவர் வண்டிப் படியில் வைத்த காலைக் கீழே இறக்கினார். பிறகு முகத்துக்கு நேராக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "'அறுந்த நூல முடி போடத்தான் ஆளக் கட்டி வெச்சிருக்குது, அது இங்க உக்காந்து தின்னுட்டு இருக்குது'ன்னுச்சு."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, அவளிடம் பெருமையாக அதைத் திருப்பிச் சொன்னேன்.

"அப்படியா சொன்னாரு? நான் அதச் சொல்லலியே" என்றாள். "பல்லில்லாதவரே கம்முனு திங்கறாரு, பல்லு இருக்கறதுக்குத்தான் பேச்சுன்னு சொன்னேன்."

இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தன் பல்லைப் பற்றியது என்று அவர் மாற்றிச் சொன்னாரா, என்னை அலைக்கழிக்க இவள் மாற்றிச் சொல்கிறாளா? எது நிஜம் என்று இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரில் நான் இல்லை. அன்று முழுக்க எனக்குத் தறியில் கை ஓடவில்லை.

சாயங்காலம் கடையில் ஒரு கண்ணாடி வாங்கினேன். முகம் பார்க்கிற கண்ணாடிதான், கொஞ்சம் அகலமானது. அடுப்புக்கு மேலே, அவள் தலை உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டினேன்.

"இது எதுக்குங் மாமா?"

"பொட்டு கோணலா இருக்குது. பாத்து வெச்சுக்க."

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. "சரிங்க மாமா" என்றாள். திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றாள். கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தறி ஓடும்போது எதிர்ப் பட்டறையிலிருந்து பேசுகிற மாதிரி, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். நிதானமாக, ஒரு எழுத்தும் விடாமல்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். கோழிப்பண்ணைக்காரர் அந்த நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் ஒரு சொல்கூட அவருக்குக் கேட்டிருக்காது. அவள் என்ன சொன்னாள் என்று அவர் வண்டி பிடித்து வந்து கேட்டாலும் நான் சொல்வதாக இல்லை.